அறிவியல் கண்காட்சி புராஜெக்ட்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கண்காட்சி அறிவிப்பு வந்த மறுநாளே சந்தேகங்கள் வரிசை கட்டிவிடும். சில வருடங்கள் மாணவர்களுக்கு வழிகாட்டியாகவும், சில வருடங்கள் மேசை மேசையாக நடந்து மதிப்பெண் போடும் நடுவராகவும் இருந்து பார்த்துவிட்டேன். கேட்கிற ஆள் மாறுகிறாரே தவிர கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி ஓடுவதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

கண்காட்சின்னா ஒரு மாடல் செஞ்சு வைக்கணும், அவ்வளவுதானே சார்?

மாடல் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி நுரை பொங்க வைக்கும் எரிமலையை நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்க ஜோராக இருக்கும். செய்தவரிடம் "இதில் நீ என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்டால் முழிப்பார். பொங்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதே சோடா, அதே வினிகர். "வினிகர் சூடாக இருந்தால் வாயு சீக்கிரம் வருமா?" என்று கேளுங்கள். வினிகரை 10, 25, 40 டிகிரி செல்சியஸில் எடுத்து, பாட்டில் வாயில் மாட்டிய பலூன் எத்தனை வினாடியில் நிமிர்ந்து நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். இப்போது அது ஆய்வு. ஒரு கேள்வி வந்துவிட்டது, ஓர் எண்ணும் வந்துவிட்டது. நடுவர் தேடுவது இந்த இரண்டையும்தான்.

கருவி வடிவமைக்கிற புராஜெக்ட்டுக்கும் இதே கதைதான். முதலில் செய்தது எப்படி வேலை செய்தது, எங்கே சொதப்பியது, திருத்திய பிறகு எவ்வளவு மேம்பட்டது என்று அளந்து காட்டினால் அது பொறியியல். பளபளவென்று ஒரே ஒரு கருவியை மட்டும் வைத்தால், அதற்கு முன் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

தலைப்பே கிடைக்க மாட்டேங்குது. எங்கே தேடுறது?

நூறு தலைப்புப் பட்டியல்களைப் புரட்டினால் தலைப்பு கிடைக்கும், ஆர்வம் கிடைக்காது. ஒரு வாரம் சட்டைப்பையில் துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு, "இது ஏன் இப்படி?" என்று தோன்றுவதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியை மடித்துப் போட்டால் காய எவ்வளவு கூடுதல் நேரம் ஆகிறது? வெயிலில் கிடந்த பந்து அதிக உயரம் எழும்புகிறதா? ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டால் எவ்வளவு சீக்கிரம் கரைகிறது? இவை எல்லாமே நல்ல தலைப்புகள்.

அப்புறம் மூன்று சல்லடைகள். ஸ்கேல், கடிகாரம், தராசு, வெப்பமானி, இவற்றில் ஒன்றாலாவது அளக்க முடியுமா? இருக்கிற நாட்களுக்குள் பல முறை செய்ய முடியுமா? பொருட்கள் கைக்கு எட்டுமா? மூன்றிலும் தேறுவதில் உங்களுக்கு எதற்கு விடை தெரியவில்லையோ அதை எடுங்கள்.

"நீர் மாசுபாடு"ன்னு எடுத்திருக்கேன். ரொம்பப் பெரிசா இருக்குன்னு டீச்சர் சொல்றாங்க. ஏன்?

அது பாடத்தின் பெயர், கேள்வி இல்லை. "இதை மாற்றினால் அது எவ்வளவு மாறும்?" என்ற அச்சில் உங்கள் தலைப்பை ஊற்றிப் பாருங்கள். "மணல் அடுக்கை 5, 10, 15 செ.மீ. என்று உயர்த்தினால், வடிந்து வரும் நீர் எவ்வளவு தெளியும்?" இப்போது வேலை செய்ய முடியும்.

தெளிவை எப்படி அளப்பது என்று உடனே கேட்பீர்கள். அடி தட்டையான உயரமான கண்ணாடிக் குவளைக்கு அடியில், கறுப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்ட வெள்ளைத்தாளை வையுங்கள். மேலிருந்து பார்த்துக்கொண்டே நீரை மெல்ல ஊற்றுங்கள். குறி மறைகிற கணத்தில் நிறுத்தி, நீரின் உயரத்தை ஸ்கேலால் அளங்கள். உயரம் கூடக்கூட நீர் தெளிவு. பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

கருதுகோள்னா சும்மா ஊகம்தானே?

காரணத்தோடு கூடிய ஊகம், அதுவும் சோதனைக்கு முன்பே எழுதி வைத்தது. "மணல் உயரம் கூடினால் நீர் அதிகம் தெளியும், ஏனென்றால் துகள்கள் சிக்கிக்கொள்ள அதிக இடைவெளிகள் இருக்கும்" என்பது போதும். முடிவைப் பார்த்துவிட்டுக் கருதுகோள் எழுதுகிறவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். எழுதியது முடிவோடு தசமப் புள்ளி வரை பொருந்தும்.

மாறிகள்னு மூணு சொல்றாங்க. எது எதுன்னு குழம்புது.

நூலில் கட்டிய குண்டை ஆட்டிவிடும் ஊசலை எடுத்துக்கொள்வோம். நூலின் நீளத்தை நீங்கள் மாற்றுகிறீர்கள். அது நீங்கள் கையாளும் மாறி. அலைவு நேரம், அதாவது குண்டு ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம், அதனால் மாறுகிறது. அதை அளக்கிறீர்கள். குண்டு, விடும் கோணம், நூலின் வகை இவற்றையெல்லாம் அசையாமல் வைத்துக்கொள்கிறீர்கள். மாற்றுவது, அளப்பது, அசையாமல் வைப்பது என்று மூன்று வினைச்சொற்களாக நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

சிக்கல் மூன்றாவதில்தான் ஒளிந்திருக்கும். ஒரு மாணவர் குண்டின் எடை அலைவு நேரத்தை மாற்றுகிறது என்று உறுதியாகச் சொன்னார். அளவுகளும் அப்படித்தான் இருந்தன. பாடப்புத்தகமோ எடை மாற்றாது என்கிறது. அருகில் போய்ப் பார்த்தால், நூலை முடிச்சு வரைக்கும் 20 செ.மீ. என்று அளந்திருக்கிறார். ஊசலின் நீளம் என்பது தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. 1 செ.மீ. ஆரமுள்ள சின்னக் குண்டுக்கு அது 21 செ.மீ., 4 செ.மீ. ஆரமுள்ள பெரிய குண்டுக்கு 24 செ.மீ. எடையை மாற்றியதாக நினைத்து நீளத்தை மாற்றிவிட்டார். 10 அலைவுகளுக்கு அரை வினாடிக்கு மேல் வித்தியாசம் காட்ட அதுவே போதும்.

ஒரு தடவை செஞ்சு பார்த்தேன், சரியா வந்துச்சு. இன்னும் எத்தனை தடவை செய்யணும்?

ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து. ஒரே அளவை வைத்துக்கொண்டு அது தற்செயலா இல்லையா என்று சொல்ல வழியே இல்லை. மூன்று அளவுகள் இருந்தால் அவை எவ்வளவு சிதறுகின்றன என்றாவது தெரியும். இரண்டு நிலைகளின் சராசரிக்கு இடையே உள்ள வித்தியாசம் அந்தச் சிதறலைவிடச் சின்னதாக இருந்தால், "வித்தியாசம் தெரியவில்லை" என்று எழுதுவதுதான் நேர்மை.

உயிருள்ளவற்றுக்கு இது போதாது. விதை முளைப்பதைப் பார்க்கிறீர்கள் என்றால் ஒரு தொட்டிக்கு மூன்று விதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பத்து விதையில் ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் எட்டு முளைத்தால்கூட அது வித்தியாசமே இல்லை. நிறைய விதை போடுங்கள். கூடவே வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றும் ஒப்பீட்டுக் குழு ஒன்றும் வேண்டும். அது இல்லாமல் "உப்பு நீரில் நான்குதான் முளைத்தது" என்றால், எதோடு ஒப்பிட்டு நான்கு குறைவு என்கிறீர்கள்?

ஸ்டாப்வாட்ச் வெச்சு எடுத்தா ஒவ்வொரு தடவையும் வேற வேற வருது. வாட்ச் கெட்டுப்போச்சா?

வாட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. கண் பார்த்து விரல் அழுத்த ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆகாது. 1 வினாடி ஆகும் ஓர் அலைவை மட்டும் அளந்தால் அந்தப் பிழை 20 சதவீதம் வரை போகலாம். 20 அலைவுகளைச் சேர்த்து அளந்து 20-ஆல் வகுத்தால் அதே பிழை ஓர் அலைவுக்கு 0.01 வினாடியாகச் சுருங்கிவிடும்.

இதைப் பலகையில் ஒரு வரியில் எழுதி வையுங்கள். ஏன் 20 அலைவு என்ற கேள்விக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

எத்தனை நாள் முன்னாடி ஆரம்பிக்கணும்?

இரண்டு மாதம் இருந்தால் நிம்மதி. செடி வளர்ப்பு என்றால் இன்னும் முன்னதாக. கேள்வியைச் செதுக்கவும் படிக்கவும் இரண்டு வாரம், வெள்ளோட்டத்துக்கு ஒரு வாரம், அளவெடுக்க மூன்று வாரம், கணக்கு, வரைபடம், பலகைக்கு மீதி. பலரும் விட்டுவிடுவது வெள்ளோட்டத்தைத்தான். முதல் தடவை செய்யும்போது நூல் நழுவும், குவளை சாயும், வெப்பமானி எட்டாது. அந்தத் தடவை வரும் எண்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நோட்டுப் புத்தகம் கட்டாயமா? கடைசியில அழகா டைப் அடிச்சுக்கிறேனே.

டைப் அடியுங்கள், ஆனால் நோட்டும் வேண்டும். தேதி போட்டு, பேனாவால், அன்றன்றைக்கு எழுதியது. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். பக்கத்தைக் கிழிக்காதீர்கள். தண்ணீர் பட்டுக் கறையான பக்கம் இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். நடுவராக இருக்கும்போது பலகைக்கு முன்பே நான் கையில் எடுப்பது இதைத்தான். ஒரே நாளில் ஒரே மையில் எழுதப்பட்ட "இரண்டு மாத" நோட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் நினைச்சதுக்கு நேர்மாறா முடிவு வந்திருக்கு. மாத்தி எழுதிடலாமா?

கூடாது. கருதுகோள் தோற்றதால் யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. முதலில், மேலே சொன்ன முடிச்சு வரை அளந்த கதை மாதிரி ஏதாவது நடந்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் திருத்தித் திரும்பச் செய்யுங்கள். இல்லையென்றால் வந்ததை வந்தபடி எழுதி, ஏன் இப்படி இருக்கலாம் என்று யோசித்துச் சொல்லுங்கள்.

எராஸ்டோ பெம்பா என்ற தான்சானியா மாணவர் 1963-இல் பள்ளியில் ஐஸ்கிரீம் செய்யும்போது, சூடாகவே உறைபெட்டியில் வைத்த தன் கலவை மற்றவர்களின் ஆறிய கலவைக்கு முன்பே உறைந்ததைக் கவனித்தார். ஆசிரியர் நம்பவில்லை, வகுப்பு சிரித்தது. பிறகு அவர் பள்ளிக்கு வந்த டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியரிடம் அதே கேள்வியைக் கேட்க, இருவருமாகச் சோதித்து 1969-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று அந்த விளைவுக்குப் பெம்பாவின் பெயர்தான்.

கதை அங்கே முடியவில்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, கவனமாக அளந்தபோது அந்த விளைவு தெரியவில்லை என்றது. வெப்பமானியை வைக்கும் உயரம் ஒரு செ.மீ. மாறினாலே முடிவு புரளலாம் என்றும் சொன்னது. விவாதம் இன்னும் ஓடுகிறது. ஆக, எதிர்பாராத முடிவு கிடைத்தால் மறைக்காமல் எழுதுங்கள். எப்படி அளந்தீர்கள் என்பதையும் விடாமல் எழுதுங்கள்.

ஒரே ஒரு அளவு மட்டும் ஒட்டாம நிக்குது. அதை மட்டும் விட்டுடலாமா?

சத்தமில்லாமல் விடக்கூடாது. ஓர் உதாரணம்: 50 செ.மீ. ஊசலுக்கு 10 அலைவு நேரம் 14.2, 14.1, 12.8, 14.3 வினாடி என்று வருகிறது. 12.8 எங்கிருந்து வந்தது? ஓர் அலைவு 1.42 வினாடி என்றால் 9 அலைவுக்கு 12.8. எண்ணுவதில் ஒன்று தப்பியிருக்கிறது. குண்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்குவது எல்லோரும் செய்யும் தவறு. விடும்போது "பூஜ்யம்" என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் இது உங்கள் ஊகம்தான். அதனால் அந்த அளவை அட்டவணையில் வைத்துக்கொண்டே, "எண்ணிக்கைப் பிழையாக இருக்கலாம், சராசரியில் சேர்க்கவில்லை" என்று கீழே குறிப்புப் போட்டு, இன்னும் இரண்டு முறை அளந்து சேர்த்துவிடுங்கள். காரணம் எதுவும் தோன்றவில்லை என்றால் சராசரியிலும் சேர்க்கத்தான் வேண்டும்.

வரைபடம் கோடா, பட்டையா?

நீங்கள் மாற்றியது எண்ணாக இருந்தால் (நீளம், வெப்பநிலை, நாள்) கோட்டு வரைபடம். வகையாக இருந்தால் (பருத்தி, கம்பளி, பாலியெஸ்டர்) பட்டை. அச்சுகளில் அலகு எழுத மறக்காதீர்கள். பட்டை வரைபடத்தின் நிலைக்குத்து அச்சைப் பூஜ்யத்தில் தொடங்குங்கள். 95-இல் தொடங்கினால் 97-க்கும் 99-க்கும் உள்ள சின்ன வித்தியாசம் மலை மாதிரித் தெரியும், நடுவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

கோடு வளைந்து வந்தால் பயப்பட வேண்டாம். ஊசலின் நீளம் 25, 50, 75, 100 செ.மீ. என்றால் அலைவு நேரம் ஏறத்தாழ 1.00, 1.42, 1.74, 2.01 வினாடி. இது நேர்கோடு ஆகாது. நேரத்தை வர்க்கப்படுத்துங்கள்: 1, 2, 3, 4. இப்போது நேர்கோடு. எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இதைத் தானாகவே கண்டுபிடித்து, இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். அந்த மேசையை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை.

பலகையில என்னென்ன ஒட்டணும்?

மூன்று மடிப்புப் பலகை என்றால் இடப்பக்கம் கேள்வி, கருதுகோள், செய்முறை. நடுவில் வரைபடமும் படங்களும். வலப்பக்கம் முடிவு, பிழைகள், அடுத்து என்ன செய்யலாம் என்பது. தலைப்பையே கேள்வியாக எழுதினால் பாதி வேலை முடிந்தது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படிக்க முடிகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். புத்தகத்திலிருந்து எடுத்த வரையறைகளை ஒட்டாதீர்கள், யாரும் படிப்பதில்லை. ஜிகினாவுக்கும் மதிப்பெண் இல்லை.

அளவு விதி ஒவ்வொரு கண்காட்சிக்கும் வேறு. 1950-இல் தொடங்கிய, ஐசெஃப் எனப்படும் சர்வதேச அறிவியல், பொறியியல் கண்காட்சியில் அகலம் 122 செ.மீ., ஆழம் 76 செ.மீ. தாண்டக் கூடாது. சுருக்கம் 250 சொற்களுக்குள் இருக்க வேண்டும். உங்கள் விதித்தாளை ஒட்டுவதற்கு முன் படியுங்கள், ஒட்டிய பிறகு இல்லை.

வீட்டிலேயே கிருமி வளர்க்கலாமா? நண்பர்களை வெச்சு டெஸ்ட் பண்ணலாமா?

கிருமியை வீட்டில் வளர்க்காதீர்கள். கையிலிருந்தோ கதவுப் பிடியிலிருந்தோ எடுத்தது எது என்று உங்களுக்குத் தெரியாது, வளர்ந்த பிறகு அது கோடிக்கணக்கில் இருக்கும். ஐசெஃப் விதிகளும் இதை வீட்டில் செய்யத் தடை விதிக்கின்றன. ஆய்வுக்கூடத்தில், விவரம் தெரிந்த ஒருவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

மனிதர்களை வைத்துச் செய்யலாம், ஆனால் தொடங்குவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். ஸ்கேலைக் கைவிட்டுப் பிடிக்கச் சொல்லும் எளிய சோதனைக்கும் இது பொருந்தும். (20 செ.மீ. விழுந்த பிறகு பிடித்தால் 0.2 வினாடி என்று கணக்கு. ஸ்டாப்வாட்ச் பதிலில் சொன்ன அதே 0.2.) செய்துவிட்டு அனுமதி கேட்டால் பல இடங்களில் புராஜெக்ட்டையே நீக்கிவிடுவார்கள். பலகையில் யாருடைய பெயரையும் போடாமல் 1, 2, 3 என்று எண் கொடுங்கள்.

நான் அப்பா. எவ்வளவு தூரம் உதவலாம்?

வெட்டுவது, சுடுவது, மின்சாரம் இவற்றில் கூட இருங்கள். பொருள் வாங்கிக் கொடுங்கள். "ஏன் அப்படி?" என்று கேளுங்கள். பேனாவைக் கையில் எடுக்காதீர்கள். நீங்கள் செய்த பகுதி எது என்பது, பிள்ளை பேசும்போது அந்த இடத்தில் தடுமாறுவதிலிருந்து தெரிந்துவிடும்.

நடுவர் முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்குது. மனப்பாடம் பண்ணிடவா?

மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு கேள்வி வந்ததும் ரயில் தடம் புரளும். ஐந்து விஷயங்களை மட்டும் வரிசையாக நினைவில் வையுங்கள்: என்ன கேட்டேன், எப்படி அளந்தேன், என்ன வந்தது, ஏன் என்று நினைக்கிறேன், எதில் சந்தேகம் இருக்கிறது. இரண்டு நிமிடம் போதும். பலகையைப் பார்த்து வாசிக்காமல் வரைபடத்தை விரலால் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். கைக்கு வேலை கிடைத்தால் நடுக்கமும் குறையும். அறிவியல் தெரியாத ஒருவரிடம் ஒத்திகை பாருங்கள், அவர் எங்கே முகம் சுளிக்கிறாரோ அங்கே விளக்கம் போதவில்லை.

தெரியாத கேள்வி கேட்டா என்ன செய்றது?

"தெரியவில்லை, ஆனால் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்" என்பது மிக நல்ல பதில். ஆபத்தானது, தெரியாமலே தெரிந்த மாதிரிச் சொல்வது. தண்ணீர்த் தட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனையைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் உள்ளே ஏறுகிறது. "ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது, காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்" என்று மளமளவென்று சொல்வார்கள்.

நடுவர் இப்படிக் கேட்பார்: தீ எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏறாமல், அணைந்த பிறகுதானே தண்ணீர் வேகமாக ஏறுகிறது? ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வைத்தால் ஏன் இன்னும் அதிகம் ஏறுகிறது? டம்ளருக்குள் இருந்த ஆக்சிஜன் அதேதானே? உண்மையில் பெரிய பங்கு வெப்பத்துக்கு. சூடான காற்று விரிந்து, கொஞ்சம் குமிழிகளாக வெளியேறுகிறது. தீ அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் நீராகிறது. இந்தக் கேள்விகளை நீங்களே வீட்டில் கேட்டுப் பார்த்திருந்தால், அங்கேயே ஒரு புதிய புராஜெக்ட் கிடைத்திருக்கும்.

இணையத்துல பார்த்த புராஜெக்ட்டை எடுக்கலாமா?

எடுத்தேன் என்று சொல்லிவிட்டு எடுக்கலாம். ஆனால் அளவுகள் உங்களுடையதாக இருக்க வேண்டும், ஒரு மாற்றமாவது நீங்கள் யோசித்ததாக இருக்க வேண்டும்.

ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சா, கேள்விக்கு யார் பதில் சொல்றது?

இருவரும். "அது அவன் பகுதி" என்ற பதிலுக்கு மதிப்பெண் போகும். ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொண்டாலும், கண்காட்சிக்கு முன் ஒருவர் மற்றவரின் பகுதியை விளக்கிப் பாருங்கள். ஐசெஃப்பில் ஒரு குழுவுக்கு மூன்று பேர்தான் உச்சவரம்பு.

போன வருஷம் செஞ்சதையே இந்த வருஷமும் கொண்டு போகலாமா?

அப்படியே கூடாது, தொடரலாம். புதிய கேள்வி, புதிய அளவுகள் வேண்டும். பழைய அளவுகளைப் பின்னணியாகச் சொல்லலாமே தவிர, இந்த வருட முடிவாகக் காட்டக் கூடாது.

போன வருடம் ஊசலின் நீளம் என்றால், இந்த வருடம் விடும் கோணம். மேலே அதை அசையாமல் வைக்கச் சொன்னேன் இல்லையா? சின்னக் கோணங்களில் அது அலைவு நேரத்தை மாற்றுவது கண்ணுக்குத் தெரியாது. 60 டிகிரியில் விட்டால் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஆனால் 20 அலைவு எண்ணி முடிப்பதற்குள் வீச்சு குறைந்து கோணம் 60-இலிருந்து இறங்கிவிடும். குறைவாக எண்ணினால் விரல் பிழை பெரிதாகும், அதிகம் எண்ணினால் கோணம் நழுவும். எத்தனை அலைவு எண்ணுவது என்பதை வெள்ளோட்டத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். செல்போனில் வீடியோ எடுத்து ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பார்த்தால் இரண்டு அலைவுகளே போதும்.